ஏடும் என்னுது, குரலும் என்னுது, பாட்டு யாருது?

கேள்வி: வக்கீலம்மா, நான் தோவாளைப் பக்கம் ஒரு வில்லுப்பாட்டு அண்ணாவி, குழுவின் தலைமைப் பாடகர். வயது 57. முப்பது வருடமாக வில்லில் இருக்கிறேன். போன சித்திரையில் பக்கத்து ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் நானே கட்டிய கதை ஒன்றைப் பாடினேன். சுடலைமாடன் தன் மலையைத் தேடி வருகிறார், மலை இருந்த இடத்தில் பள்ளம்தான் கிடக்கிறது என்று போகும். கல்குவாரியைப் பற்றியதுதான். கொடைக் கமிட்டி சம்பளம் பேசிக் கூட்டிவந்த வீடியோக்காரர் அதை எடுத்துத் தன் யூடியூப் சேனலில் போட்டார். நல்லா ஓடியது. என் பெயர் அதில் எங்குமே இல்லை. அதே இரவு என் மகள் செல்போனில் எடுத்ததை எங்கள் சேனலில் போட்டாள். மூன்றாம் நாள் 'காப்பிரைட் ஸ்ட்ரைக்' வந்து வீடியோ போய்விட்டது. கேட்டால், 'ரெக்கார்டிங் என்னுது, அப்போ பாட்டும் என்னுது' என்கிறார். இதற்குள் குவாரிக்காரர் ஒருவரிடமிருந்து மானநஷ்ட நோட்டீஸ். சாமி பேரைச் சொல்லி அரசியல் பாடினேன் என்று வேறொருவர் போலீசில் மனு. ஸ்டேஷனில், 'இனி பாட்டு எழுதிய ஏட்டைக் காட்டிவிட்டுத்தான் பாட வேண்டும், இந்தப் பாட்டைப் பாடமாட்டேன் என்று எழுதிக் கொடு' என்கிறார்கள். கதையில் கொஞ்சம் என் ஆசான் ஏட்டிலிருந்து எடுத்தது. இரண்டு இடத்தில் சினிமா மெட்டு. அதெல்லாம் தப்பா? ஏடும் என்னுது, குரலும் என்னுது. நான் என்ன செய்ய?

பதில்:

அன்புள்ள அண்ணாவிக்கு வணக்கம்.

இதை வாசித்து முடிக்கும்வரை யார் நீட்டும் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வீடியோக்காரர் நீட்டினாலும் சரி, ஸ்டேஷனில் நீட்டினாலும் சரி. உங்களிடம் இப்போது இருக்கும் உரிமைகளில் பெரும்பாலானவை நீங்களாக எழுதிக் கொடுத்தால் ஒழியக் கைவிட்டுப் போகாதவை.

பாட்டு யாருது என்று கேட்டிருக்கிறீர்கள். நாம் பாட்டு என்று ஒரே சொல்லில் சொல்வதைச் சட்டம் நாலாகப் பிரித்துப் பார்க்கிறது. ஏட்டில் உள்ள வரிகள் ஒன்று. மெட்டு ஒன்று. அன்று இரவு வில்லுக்கு முன்னால் உட்கார்ந்து நீங்களும் குழுவும் பாடியது, வாசித்தது ஒன்று. அதைப் பிடித்து வைத்த வீடியோ இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனி உரிமை உண்டு. உரிமைக்காரரும் வேறு வேறாக இருக்கலாம். நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டு நாலும் தனது என்கிறார் வீடியோக்காரர். அந்த நாலாவதாவது அவருடையதா என்பதையும் பார்ப்போம்.

வரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் சொந்தமாக எழுதிய வரிகளுக்கு எழுதிய அப்போதே நீங்கள்தான் உரிமையாளர். எங்கும் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த உரிமை உங்கள் ஆயுள் முழுவதும் இருக்கும். உங்களுக்குப் பின் 60 ஆண்டு உங்கள் வாரிசுகளுக்கு இருக்கும். அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டுமானால் எழுத்தில் இருக்க வேண்டும், உங்கள் கையெழுத்து இருக்க வேண்டும் என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது. வாய்ப்பேச்சில் மாறாது. எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்றால் மாறவே இல்லை.

அடுத்து, நீங்கள் பாடியது. பலருக்கும் தெரியாத உரிமை இது. வில்லுக் கலைஞர்களுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறு இல்லை என்பேன். 38, 38ஏ பிரிவுகளின்படி, மேடையில் நிகழ்த்துகிற கலைஞரின் சம்மதம் இல்லாமல் அந்த நிகழ்ச்சியைப் பதிவு செய்யக்கூடாது, பிரதி எடுக்கக்கூடாது, பொதுமக்களுக்குப் பரப்பக்கூடாது. 50 ஆண்டுவரை இந்த உரிமை நீடிக்கும். பாட்டு பழைய பாட்டாக இருந்தாலும், வரி உங்களுடையதாகவே இல்லாவிட்டாலும், பாடியது நீங்கள் என்பதற்காகக் கிடைக்கிற உரிமை இது. உங்களுக்கு மட்டுமல்ல. உங்கள் இடப்பக்கம் உட்கார்ந்து பின்பாட்டுப் பாடுகிறவர், குடம் அடிக்கிறவர், உடுக்கு, ஜால்ரா, கட்டை வாசிக்கிறவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொன்றாக உண்டு. கொடை பார்க்க வந்தவர்கள் வீட்டில் போட்டுப் பார்க்கச் செல்போனில் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. சொந்த உபயோகத்துக்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. சேனலில் போட்டு விளம்பரக் காசு வாங்குவது சொந்த உபயோகம் ஆகாது.

'கமிட்டியில் கேட்டுத்தான் எடுத்தேன்' என்று அவர் சொல்லக்கூடும். கமிட்டி கோயில் வளாகத்துக்குள் கேமரா கொண்டுவர அனுமதி கொடுக்கலாம். உங்கள் குரலைக் கொடுக்கக் கமிட்டிக்கு உரிமை கிடையாது.

இனி அந்த நாலாவது. கமிட்டி சம்பளம் பேசிக் கூட்டிவந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வாக்கியம் வழக்கையே திருப்பிப் போடுகிறது. கூலி கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன ஒளிப்படத்துக்கும் வீடியோவுக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 17-ஆம் பிரிவு. கல்யாண வீடியோவுக்கும் இதுதான் கணக்கு. ஆக, வேறு விதமாக எழுதிக்கொள்ளவில்லை என்றால் அந்த வீடியோவுக்கு உரிமை கமிட்டிக்குத்தான், கேமரா பிடித்தவருக்கு இல்லை. கமிட்டித் தலைவரிடம் போய், 'நாங்கள் கூலி கொடுத்து எடுக்கச் சொன்னோம், சேனலில் போட உரிமை எழுதிக் கொடுக்கவில்லை' என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கூலி கொடுத்த ரசீதோ ஜீபே விவரமோ இருந்தால் அதன் நகலும் வேண்டும்.

உங்கள் மகள் எடுத்ததோ வேறொரு பதிவு. ஒரு பதிவின் உரிமையாளர் தன் பதிவிலிருந்து பிரதி எடுப்பதைத்தான் தடுக்க முடியும். அதே இரவில், அதே பாட்டை, பக்கத்தில் நின்று இன்னொருவர் தன் செல்போனில் எடுத்ததை அவர் தன்னுடையது என்று சொல்ல வழியே இல்லை. மகளின் போனில் மூலக் கோப்பு அப்படியே இருக்கட்டும். எடுத்த தேதியும் நேரமும் அதில் பதிவாகியிருக்கும். அழித்துவிடாதீர்கள்; வாட்ஸாப்பில் அனுப்பியதை மட்டும் நம்பவும் வேண்டாம், அதில் இந்த விவரங்கள் போய்விடும்.

ஸ்ட்ரைக்குக்கு யூடியூபிலேயே எதிர் அறிவிப்புக் கொடுக்கலாம். 'இது நானே எடுத்த தனிப் பதிவு. வரிகளும் பாடியதும் எங்கள் குழுவுடையது' என்று தெளிவாக எழுதுங்கள். அதன்பின் 10 வேலை நாட்களுக்குள் எதிர்த்தரப்பு நீதிமன்றம் போனதற்குச் சான்று காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வந்துவிடும். கொடுப்பவரின் பெயரும் முகவரியும் எதிர்த்தரப்புக்குப் போகும் என்பதால் மகளோடு பேசி, வீட்டில் கலந்து செய்யுங்கள். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் வந்தால் சேனலே போய்விடும் என்பதால் தள்ளிப்போடவும் வேண்டாம். உரிமை இல்லாமல் உரிமை கொண்டாடி மிரட்டுகிறவர்மீது நீங்களே வழக்குப் போட்டு அந்த மிரட்டலைத் தடுக்க 60-ஆம் பிரிவு வழி தருகிறது. அதற்குச் சென்னைக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டியதில்லை. பதிப்புரிமை வழக்கை, பாட்டை எழுதியவர் தான் குடியிருக்கும் இடத்திலேயே தொடுக்கலாம். உங்களுக்கு அது நாகர்கோவில் மாவட்ட நீதிமன்றம்.

அவருடைய வீடியோவை நீக்கச் சொல்லலாமா என்றால், தாராளமாகச் சொல்லலாம், சட்டம் உங்கள் பக்கம். ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் அதைச் செய்யமாட்டேன். மலையைப் பற்றிய பாட்டு இத்தனை பேரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அது அங்கேயே நிற்கட்டும். பெயர் போடு, எழுத்தில் ஒப்பந்தம் போடு, வருமானத்தில் குழுவுக்குப் பங்கு கொடு என்று கேட்பேன். 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பலாம். மறுத்தால் நீக்கச் சொல்வோம், நஷ்ட ஈடும் கேட்போம்.

பெயர் விஷயத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 57-ஆம் பிரிவு எழுதியவருக்கும், 38பி பிரிவு பாடியவருக்கும் தனியாக ஓர் உரிமை தருகிறது: இது இன்னார் படைப்பு என்று அறியப்படும் உரிமை, பெயருக்குக் கேடு வரும்படி வெட்டிச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமை. பதிப்புரிமையையே விற்றுவிட்டாலும் இது எழுதியவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நாடாளுமன்றம் இதைச் சட்டமாக்குவதற்கு வெகுகாலம் முன்பே வில்லில் இது இருந்தது. காப்புப் பாடி, வருபொருள் உரைத்து, அடுத்து குருவடி பாடாமல் எந்த அண்ணாவியாவது கதைக்குள் போயிருக்கிறாரா? இந்த ஏடு எனக்கு யாரிடமிருந்து வந்தது என்று சபையில் சொல்லிவிட்டுத்தானே தொடங்குகிறீர்கள். அந்த மரியாதையைத்தான் வீடியோக்காரர் உங்களுக்குத் தரவில்லை.

கையெழுத்தைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடம் முன்பு ஒரு மூத்த பாடகர் என் அலுவலகத்துக்கு வந்தார். மடித்து மடித்து மடிப்பில் கிழிந்துபோன ஒரு முத்திரைத்தாளை, பழைய பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். 1997-ல் ஒரு கேசட் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது. 'சகல உரிமைகளும்' என்று ஒரு வரி, கீழே அவர் கையெழுத்து. எத்தனை வருடத்துக்கு என்று அதில் இல்லை. சொந்தப் பாட்டை மேடையில் பாடினால் வழக்கு வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பயந்து இருபது வருடத்துக்குமேல் அவர் அந்தப் பாட்டுகளைப் பாடவே இல்லை. காலம் குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்த உரிமை ஐந்தாண்டில் முடிந்துவிடும் என்று 19-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அவருடைய பாட்டுகள் 2002-லேயே அவரிடம் திரும்பி வந்துவிட்டன. அதைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. முத்திரைத்தாளை எடுத்து மறுபடி உறைக்குள் வைத்தார். பிறகு மெதுவாக, 'தொண்டை போயிட்டே, மக்கா' என்றார். அந்தக் குரல் இன்றும் என் காதில் இருக்கிறது. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதும் அதனால்தான்.

ஆசான் ஏட்டுக்கு வருவோம். சுடலைமாடன் கதை, நீலி கதை, தம்பிமார் கதை போன்றவை எவருடைய தனிச்சொத்தும் அல்ல. கதைக்கருவுக்கு உரிமை கிடையாது, அதைச் சொல்லியிருக்கிற விதத்துக்குத்தான் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே சொல்லிவிட்டது. சுடலை மலையைத் தேடி வருகிறார் என்ற எண்ணத்தை நாளைக்கு இன்னோர் அண்ணாவி எடுத்துத் தன் சொல்லில் பாடினால் நீங்களும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் ஆசான் தன் சொந்தச் சொல்லில் கட்டிய விருத்தங்கள் வேறு. அவர் காலமாகி 60 ஆண்டு ஆகும்வரை அவை அவர் பிள்ளைகளுக்குச் சேரும். ஆசான் மகனைப் போய்ப் பாருங்கள். எந்தெந்தப் பகுதி என்று குறித்து, 'பாடவும் பதிவு செய்யவும் சம்மதம்' என்று ஒரு தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். வெற்றிலை பாக்கோடு போனால் மறுக்கமாட்டார்கள்.

தேரூர் கவிமணியின் வரிகளை எடுத்துப் பாடலாமா என்றும் அண்ணாவிமார் சிலர் கேட்பதுண்டு. அவர் 1954-ல் மறைந்தார். அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு, 2014 முடிவோடு கணக்குத் தீர்ந்தது. பாடலாம், பெயரைச் சொல்லிப் பாடுங்கள்.

சினிமா மெட்டில் கொஞ்சம் கவனம் தேவை. கோயில் கொடையில் பாடியதைப் பொறுத்தவரை எனக்குக் கவலை இல்லை. உண்மையான மதச் சடங்கின்போது பாட்டை நிகழ்த்துவது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 52-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. உங்களைப் போன்ற ஊர்களில் வில்லு ஓடாமல் கொடை நிறைவாகாது, சாமி வருவதே அந்தக் கதை உச்சத்துக்குப் போகும்போதுதான். ஆகவே வில்லு அந்தச் சடங்கின் அங்கம் என்று வாதிட வலுவான இடம் இருக்கிறது. அந்த விலக்கு கோயில் வாசலோடு நின்றுவிடும். அதே பாட்டு யூடியூபில் ஏறும்போது மெட்டின் உரிமையாளர் கேட்கலாம். வேறு வரி போட்டுப் பாடினேன் என்பது விடையாகாது, மெட்டுக்குத் தனி உரிமை இருக்கிறது. ஆடியோவாக மறுபதிவு செய்ய 31சி பிரிவில் வழி இருந்தாலும், முதல் பதிவு வந்து ஐந்தாண்டு ஆகியிருக்க வேண்டும், முன்கூட்டியே அறிவித்துப் பணம் கட்ட வேண்டும், வரியை இஷ்டத்துக்கு மாற்றவும் முடியாது. உங்களுக்கு அது ஒத்துவராது. சேனலில் போடும் பதிவுக்கு அந்த இரண்டு இடத்தையும் பழைய வில்லு மெட்டில் மாற்றிப் பாடிவிடுங்கள். ஒப்பாரி மெட்டும் கும்மி மெட்டும் நம்மிடம் குறைவா? சுடலை பள்ளத்தைப் பார்த்து நிற்கிற இடத்துக்கு ஒப்பாரி மெட்டு இன்னும் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. அது உங்கள் தொழில், நீங்கள் முடிவு செய்யுங்கள்.

இனி நோட்டீசும் போலீஸ் மனுவும். உங்கள் கடிதத்தில் பயம் தெரிவது இந்த இடத்தில்தான். இதையும் நிதானமாகப் பார்ப்போம்.

ஏட்டைக் காட்டிவிட்டுத்தான் பாட வேண்டும் என்பது எங்கிருந்து வந்த பழக்கம் தெரியுமா? நாடகத்தைக் கட்டுப்படுத்த வெள்ளைக்காரன் 1876-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தான். 1954-ல் தமிழ்நாட்டுக்கென்று தனியாக ஒரு நாடக நிகழ்ச்சிச் சட்டம் வந்தது. நாடகப் பிரதியைப் போலீசில் காட்டி அனுமதி வாங்கும் வழக்கம் அதை ஒட்டி வேரூன்றியது. பத்திரிகையாளரும் நாடகக்காரருமான ஞாநி அதை எதிர்த்து வழக்குப் போட்டார். அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1876 சட்டத்தையும் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. எனவே ஏட்டைக் காட்டு என்று கேட்க ஸ்டேஷனுக்கு அதிகாரம் இல்லை. ஒலிபெருக்கிக்கு மட்டும் அனுமதி வேண்டும். ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. திருவிழாக்களுக்கு வருடத்தில் சில நாள் நள்ளிரவுவரை அரசு தளர்த்தலாம். உங்கள் எதிராளிகள் பாட்டில் குறை காண முடியாவிட்டால் மைக்கில் குறை காண்பார்கள். கமிட்டியிடம் அந்த அனுமதித்தாள் சரியாக இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

'இனி பாடமாட்டேன்' என்று எழுதிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் பிரச்சினையில் 2015-ல் அதிகாரிகள் முன்னிலையில் சமாதானக் கூட்டம் நடத்தி, அவரிடம் எழுதி வாங்கினார்கள். அதற்குப் பின் அவர் எழுதுவதையே நிறுத்தினார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சமாதானம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லி, அவர் திரும்ப எழுத வேண்டும் என்று தீர்ப்பை முடித்தது. ஆனால் நடுவில் போன மாதங்கள் போனவைதானே? எழுதிக் கொடுக்காமல் இருந்தால் அந்த நாட்கள் உங்களுக்கு மிஞ்சும். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் எழுத்தில் சம்மன் கேளுங்கள், வக்கீலோடு போங்கள், மரியாதையாகப் பேசுங்கள்.

சாமி பேரைச் சொல்லிப் பாடியது குற்றமா? முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295ஏ என்று இருந்தது, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது 299-ஆம் பிரிவு. வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு மத நம்பிக்கையை அவமதித்திருக்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. ஒருவர் மனசு புண்பட்டது என்பது மட்டும் போதாது. உங்கள் கதையில் சுடலையை யார் அவமதித்தார்கள்? அவர் நியாயம் கேட்டு வருகிறார். கொடையில் பாடுகிற கதைகளில் பாதி என்ன? அநியாயமாகக் கொல்லப்பட்டவர்கள் தெய்வமாகித் திரும்பி வந்து கேட்பதுதான். சின்ன வயதில் என் ஆச்சி மடியில் படுத்துக்கொண்டு பொன்னிறத்தாள் கதை கேட்டிருக்கிறேன். புதையலுக்காகக் கர்ப்பிணியைப் பலிகொடுக்கிற இடம் வரும்போது அண்ணாவி வீசுகோலை நாணில் ஓங்கி அடிப்பார். வில்லில் கட்டிய மணிகள் எல்லாம் ஒருசேரக் குலுங்கி நிற்கும். ஆச்சியின் கை என் தலையில் அப்படியே இறுகும். வில்லு அப்போதிலிருந்தே முறையீட்டு மேடைதான். போலீசுக்குக் கொடுக்கும் விளக்கத்தில் இதையும் எழுதச் சொல்வேன், ஏனென்றால் நோக்கம் என்ன என்பதற்கு இதுவே சான்று.

2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், ஒரு கவிதைக்காக நாடாளுமன்ற உறுப்பினர்மீது குஜராத்தில் போட்ட முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்தது. எதைக் கேட்டாலும் ஆபத்து என்று நினைக்கிற பலவீனமான மனசை வைத்துச் சொற்களை அளக்கக்கூடாது, உறுதியான, நிதானமான மனசை வைத்து அளக்க வேண்டும் என்றது. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள இப்படிப்பட்ட புகார்களில் வழக்குப் பதியும் முன் போலீஸ் முதற்கட்ட விசாரணை நடத்துவது நல்லது என்றும் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பின் நகலை உங்கள் விளக்கத்தோடு இணைப்போம். யாராவது தகராறு செய்வார்கள் என்பதற்காகப் பாட்டை நிறுத்துவதும் முறையில்லை. 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம், மிரட்டலுக்குப் பணிந்து கருத்தை அடக்கக்கூடாது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை என்று சொல்லியிருக்கிறது.

மானநஷ்ட நோட்டீஸ்தான் இவற்றில் கவனமாகக் கையாள வேண்டியது. பெயர் சொல்லவில்லை என்பதால் தப்பித்துவிட்டதாக நினைக்காதீர்கள். கேட்டவர்களுக்கு ஆள் இன்னார் என்று புரிந்தால் பெயர் சொன்னதற்குச் சமம்தான். அனுப்பிவைத்த வரிகளை எழுத்தெண்ணி வாசித்தேன். 'மலையைத் தின்னு ஏப்பம் விட்டான்' என்பது ஒரு கலைஞனின் கோபம், அது கருத்து. யாரும் மலையைத் தின்றதாக யாரும் நம்பப் போவதில்லை. களியக்காவிளை தாண்டி லாரி லாரியாகக் கல் போகிறது என்பது ஊரே பார்ப்பது. அவை நிற்கட்டும். ஆனால் ஆறாம் பக்கத்தில், அதிகாரிக்குப் பணம் கொடுத்து அனுமதி வாங்கினான் என்று ஒரு வரி இருக்கிறதே, அது குற்றச்சாட்டு. உங்களிடம் ஆதாரம் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். பயந்து எடுக்கச் சொல்லவில்லை. உண்மை என்று காட்டிவிட்டால், அது பொதுநலனுக்காகச் சொன்னது என்றால், மானநஷ்டம் ஆகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவிலேயே விதிவிலக்கு இருக்கிறது. நிரூபிக்க முடியாத ஒரு வரி நிரூபிக்க முடிந்த நாற்பது வரியையும் இழுத்துக்கொண்டு கிணற்றில் விழும்.

அதற்குப் பதில் உண்மையைத் தேடி வாங்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கனிமவளத் துறைக்கு ஒரு மனு போடுங்கள்: அனுமதி எத்தனை கன மீட்டருக்கு, எவ்வளவு ஆழத்துக்கு, எந்தத் தேதிவரை, அபராதம் ஏதும் விதிக்கப்பட்டதா. 30 நாளில் பதில் தர வேண்டும். வருகிற எண்களை அப்படியே பாட்டில் வையுங்கள். சுடலை கணக்குக் கேட்கிற மாதிரி அமைந்தால் எந்த நோட்டீசும் அதை அசைக்க முடியாது.

அவதூறுக்காகப் போலீஸ் நேராக வழக்குப் பதிந்து உங்களைக் கைது செய்ய முடியாது. பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர் குற்றவியல் நடுவரிடம் தனிப்புகார் கொடுக்க வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, புகாரை எடுத்துக்கொள்ளும் முன் உங்கள் தரப்பையும் கேட்க வேண்டும். பாட்டில் ஊராட்சியையும் சாடியிருக்கிறீர்கள். அதில் கவலை வேண்டாம். அரசும் உள்ளாட்சி அமைப்பும் தங்களை அவதூறு செய்ததாக நஷ்ட ஈட்டு வழக்குப் போட முடியாது என்று 1994-ல் நக்கீரன் இதழ் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது.

நம் நாஞ்சில் நாட்டில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. சொத்து பெற்ற பிள்ளைக்குப் போகாமல் சகோதரி பிள்ளைக்குப் போகும் மருமக்கள் வழிச் சொத்துரிமையால் மனைவி மக்கள் நடுத்தெருவில் நின்ற காலத்தில், கவிமணி ஒரு பெண்ணின் வாயாகக் காரணவர்கள் என்ற குடும்பத் தலைவர்களைக் கிழித்து 'மருமக்கள் வழி மான்மியம்' எழுதினார். எழுதியது தன் சொந்தச் சமுதாயத்துப் பெரிய மனிதர்களைப் பற்றி. கோபப்பட்டவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? 1926-ல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து அந்த முறை மாறியது. பாட்டு மட்டும் மாற்றியது என்று சொல்லமாட்டேன். பாட்டும் சேர்ந்து மாற்றியது.

இப்போது செய்ய வேண்டியது. ஏட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை, அட்டை உட்பட, ஸ்கேன் எடுங்கள். எண்ணெய்க் கறை, அடித்தல் திருத்தல், பின்பாட்டுக்காரரை 'ஆமா' போடச் சொல்லிப் பென்சிலில் குறித்தது எதையும் அழிக்காதீர்கள், சுத்தமாகத் திரும்ப எழுதி மூலத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதினார் என்பதற்கு அந்த அடித்தல்களைப் போல் சாட்சி கிடையாது. பிறகு பதிப்புரிமை அலுவலகத்தில் ஆன்லைனில் பதிவு செய்துவிடுவோம். எழுத்துப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். கட்டாயம் இல்லை என்றேன், ஆனாலும் வழக்கு என்று வந்தால் பதிவேடு முதல் சான்றாக நிற்கும். குழுவினர் எல்லோரும் உட்கார்ந்து, பதிவுகளில் வரும் வருமானம் ஆளுக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். குடம் அடிக்கிறவரை மறந்துவிடாதீர்கள். அடுத்த கொடைக்கு அட்வான்ஸ் வாங்கும்போதே, வீடியோ எடுத்தால் பெயர் போட வேண்டும், சேனலில் போட எங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று அந்த ரசீதிலேயே இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.

வக்கீல் கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். வருமான வரம்புக்குள் வருபவர்களுக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் இலவச சட்ட உதவி உண்டு. நாகர்கோவில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் போதும். சேனல் மகள் பெயரில் இருப்பதால் அவளே மனுதாரராக வரலாம்.

குவாரிக்காரரின் நோட்டீசுக்கு அதில் குறித்த தேதிக்குள் பதில் போக வேண்டும். அசல் ஏடு, நோட்டீஸ் வந்த கவர் (தபால் முத்திரையோடு), மகளின் போன், கமிட்டியிடம் வாங்கிய தாள், இவற்றை எடுத்துக்கொண்டு இந்த வாரத்துக்குள் ஒரு வக்கீலைப் பாருங்கள். ஆறாம் பக்கத்து அந்த ஒரு வரிக்கு மாற்று வரி யோசித்துக்கொண்டே வாருங்கள்.